தெரு எடுத்தது

ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பயப்படாமல் ஏறுங்கள் தம்பி. அரிசி ஆலையில் முப்பது வருசம் மூட்டை சுமந்த கை இது. நீங்கள் என்ன, அறுபது கிலோ இருப்பீர்களா? தவறி விழுந்தாலும் பிடித்து ஓரமாக இறக்கி வைத்துவிடுவேன்.

இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கள். என் வாசல் முழுதாகத் தெரிய வேண்டும் என்றுதானே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்? அந்தப் பச்சைக் கதவுதான். வாசலில் சைக்கிள் சாத்தியிருக்கிறதே, அதே வீடு.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், அது என் வீடுதான். என் வீட்டைப் பார்க்கிற கேமராவுக்கு நானே ஏணி பிடிக்கிறேன். உங்களிடம் என்ன சொல்லி வரச் சொன்னார்கள்? கோயிலுக்கு எதிரே ஒரு களவாணி இருக்கிறான், அவன் வாசலைப் பார்த்து வை என்றார்களா? களவாணி என்றே சொன்னார்களா, இல்லை ஒரு மாதிரியான ஆள் என்றார்களா? களவாணி என்றே சொல்லிவிட்டார்களா. சரி. அப்படியானால் வயிரவன்தான் சொல்லியிருப்பார். மற்றவர்கள் வெளி ஆட்களிடம் கொஞ்சம் நாகரிகமாகத்தான் பேசுவார்கள். வயிரவன் இந்த ஊருணித் தெருவுக்குத் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர். கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான்.

என் பேர் சாத்தையா. உங்கள் பேர்? ரியாஸ். நல்ல பேர். கல்யாணம் ஆகிவிட்டதா? இரண்டு பிள்ளைகளா! சந்தோசம். அந்த ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டே கேளுங்கள். எனக்கு இந்தத் தெருவில் பேசுவதற்கு ஆள் கிடையாது. நான் வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இதோ நீங்கள் சாய்ந்திருக்கிற கம்பத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கோயில் இருக்கிறதே, அதில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். உங்களுக்கு எங்கள் சாமி விவகாரம் தெரியாது, சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. புதுக்கோயில் கட்டினால் பிள்ளையாரைக் காசு கொடுத்து வாங்கி வைக்கக் கூடாது. வேறு ஊரில் ஏற்கெனவே கும்பிட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையாரைக் கேட்காமல் எடுத்துவந்து வைக்க வேண்டும். அப்படி வந்தவருக்குத்தான் சக்தி அதிகம். சிரிக்காதீர்கள். நிசமாகத்தான்.

இருபத்துநாலு வருசத்துக்கு முன்னால் இந்தக் கோயிலைக் கட்டி முடித்துவிட்டு, வயிரவன் கடையில் கூட்டம் போட்டார்கள். அறுபது வீட்டுக்காரர்களும் உர மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். நெடுமரத்தான்பட்டியில் கண்மாய்க் கரையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், அம்சமான பிள்ளையார், அவரை எடுத்துவிடுவோம் என்று முடிவு. யார் எடுப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி, இதைக் கவனமாகக் கேளுங்கள். நான் திருடத் தெரிந்தவன் என்பதற்காகப் பார்க்கவில்லை. கனம் தூக்கத் தெரிந்தவன் என்பதற்காகப் பார்த்தார்கள். அதுவரை நான் அடுத்தவன் வேலியில் ஒரு குச்சி ஒடித்ததில்லை. வயிரவனே என் தோளில் கையைப் போட்டு, "சாத்தையா, இந்தத் தெருவுல உன்னை விட்டா யாருப்பா இருக்கா?" என்றார். அப்படி ஒருத்தர் நம் தோளில் கையைப் போட்டால் நாம் என்ன செய்வோம்? போனேன்.

இதற்கு ஒரு முறை உண்டு. எடுத்தவன் பேரை ஒரு நாளும் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக வருவார்கள். "எங்க பிள்ளையாரை எடுத்தது யாரு?" என்று சத்தம் போட்டுக் கேட்பார்கள். நம் பக்கத்தில் தலைவராக இருப்பவர் முன்னால் வந்து, "தெரு எடுத்தது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் அவர்கள் தெருவை ஒரு அரை மணி நேரம் திட்டுவார்கள். நாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வேட்டி துண்டு கொடுத்து, வயிறாரச் சோறு போட்டு அனுப்பிவிட வேண்டும். விவகாரம் முடிந்தது. காலகாலமாக அப்படித்தான்.

எடுத்த நாள் நல்ல வெயில், உச்சிப் பொழுது. அன்றைக்கு நெடுமரத்தான்பட்டிக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டால் ஊரே இறங்கிவிடும். ஆண் பெண் குஞ்சு குளுவான் எல்லாம் கூடையும் வலையுமாகச் சேற்றுக்குள். கரையில் ஒரு ஈ காக்கை கிடையாது. நான் போய்ச் சாமியிடம், "அய்யா, கோவிச்சுக்காதீக, நம்ம தெருவுக்கு வந்துருங்க" என்று சொல்லி, சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை. இரண்டு கையும் தலைமேல்.

கரையை விட்டு இறங்குகிற இடத்தில், காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மீன் பிடிக்க இறங்க முடியவில்லை என்று ஏக்கத்தோடு இருந்தவர். என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா தலையில?"

"மீனுங்கய்யா."

"ஒத்த மீனா?"

"ஒத்த மீனுதாங்கய்யா."

"அடேயப்பா! என்ன மீனுப்பா அது?"

"பேரு தெரியலைங்கய்யா. வயிறு பெருத்த மீனு."

"காது மாதிரி ஏதோ துருத்திக்கிட்டு இருக்கே சாக்குல?"

"செதிலுங்கய்யா."

"ம்ம். மொளகு தூக்கலாப் போட்டு வைக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

ஊர் எல்லையில் வயிரவன் டெம்போவோடு காத்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது அவருக்குத்தான். எனக்கில்லை.

தெருவுக்குள் வந்தபோது குலவை போட்டார்கள். பொன்னழகு மதினி, அடுத்த வீடு, எனக்கு ஆரத்தி எடுத்தாள். ஆரத்தி! அவளேதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் பின்னால் வருவாள்.

மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். இருபது பேர். முன்னால் நின்றவர் ஆண்டியப்பன், அந்த ஊர்ப் பெரிய ஆள், குரல் அப்படியே பறை மாதிரி இருக்கும். "எங்க பிள்ளையாரை எடுத்தது யாரு?" என்றார். வயிரவன் தோளில் துண்டோடு முன்னால் போனார். வாயைத் திறந்தார். மூடினார். அவர் பார்வை ஆண்டியப்பனைத் தாண்டிப் பின்னால் போய் நின்றுவிட்டது. அங்கே ஒருத்தர் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாக நின்றுகொண்டிருந்தார்.

வயிரவனுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போயிற்று. கை தானாக உயர்ந்தது. விரல் என்னைக் காட்டியது.

"சாத்தையா எடுத்தான்."

தம்பி, முறை உடைந்துவிட்டது. கேட்டவர்களுக்கே அதிர்ச்சி. ஆண்டியப்பன், "என்னப்பா இது, ஆளைச் சொல்றீக?" என்றார். சொன்ன சொல்லை யார் திரும்ப எடுப்பது? அந்தக் காக்கிச் சட்டைக்காரர் யார் என்கிறீர்கள்? பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகத் தெருச் சண்டை பார்க்க வந்தவர். சாப்பாட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நானே அவருக்குச் சாம்பார் ஊற்றினேன்.

அறுபது வீட்டுக்கு வர வேண்டிய திட்டு எனக்கு ஒருத்தனுக்கு வந்தது. அன்றைக்குத்தான் பாகம் பிரிந்தது. சாமி தெருவுக்கு, திருட்டு எனக்கு.

அந்த ஸ்குரூவை என்னிடம் கொடுங்கள், நான் வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், எண்ணிக்கொண்டே கொடுங்கள், எனக்கு வருத்தமில்லை. பழகிவிட்டது.

எட்டாம் நாள் பொன்னழகு மதினி வீட்டில் குக்கர் வெயிட்டைக் காணோம். விசில் அடிக்குமே, அந்தக் குண்டு. அவள் என் வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பிள்ளையாரையே தூக்குன ஆளு, வெயிட்டைத் தூக்க மாட்டாரா?" ஆரத்தி எடுத்து எட்டு நாள். தட்டில் மஞ்சள் கறைகூடப் போயிருக்காது.

மறுநாள் அந்த வெயிட் அவள் வீட்டு மாவு கிரைண்டருக்குள் கிடந்தது. கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே தெரியும். நான் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வருவார்கள், வந்தால் வாங்க என்று எழுந்து நிற்க வேண்டும், அழுக்குச் சட்டையோடு நிற்கக் கூடாது. மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்று நாளும் சட்டை மாற்றினேன். ஒருத்தரும் வரவில்லை. நாலாம் நாள் மதியம் போய் அந்த வெயிட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? அவர்கள் சொன்ன சொல் பொய்யாகப் போய்விடக் கூடாது அல்லவா? ஒரு பொம்பளை தெருவில் நின்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அன்றிலிருந்து எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பேர் முன்னால், பொருள் பின்னால். பேர் வராமல் நான் ஒரு பொருளைத் தொட்டது கிடையாது. எவனாவது சாத்தையா எடுத்துவிட்டான் என்று முதலில் சொல்ல வேண்டும். பொருள் அவர்கள் வீட்டிலேயே கிடைக்க வேண்டும். மன்னிப்புக்கு மூன்று நாள் தவணை. அதற்கப்புறம்தான் போவேன். இந்தக் காலத்தில் எந்தக் களவாணி இப்படி முறையாக நடக்கிறான், சொல்லுங்கள். அதனால்தான் சொல்கிறேன், நான் களவாணி இல்லை.

வயிரவன் ஒரு நாள் கடையில் நின்று, "என் மூக்குக்கண்ணாடியைச் சாத்தையா அடிச்சிட்டான்" என்று கூப்பாடு போட்டார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் பார்த்தேன். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை. குளிக்கப் போகிற நேரம் பார்க்கவே பதினோரு நாள் ஆயிற்று. எடுத்தேன். புதுக் கண்ணாடி வருகிற வரைக்கும் யூரியா கேட்டவர்களுக்குப் பொட்டாஷ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோயில் விசேசத்துக்கு நான் உள்ளே நுழைந்தால் போதும், பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் சொல்வார்கள்: "பக்தர்கள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்." மந்திரி வந்தால்கூட அப்படி ஒரு அறிவிப்பு கிடையாது. நான் தெருவில் நடந்து போனால் இரண்டு பக்கமும் பாத்திரம் உள்ளே போகிற சத்தம் கேட்கும். கலகலவென்று, கல்யாண மேளம் மாதிரி. சுண்டல் கொடுக்கிற பையன்கூட என் கையில் சுண்டலை வைத்துவிட்டுக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான்.

என் வீட்டுக்காரி வள்ளிக்கண்ணு ஒரு மாதிரி பேசுவாள். "ஏங்க, அவுக சொன்னாப்புல நீங்க போயி எடுக்குறீக. எடுக்காம இருந்தா சொன்ன வாயி அடைச்சுப் போகும்ல?"

"எடுக்காம இருந்தப்பத்தானேடி மொதல்ல சொன்னாளுக?" என்றேன்.

அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். ஆனால் இருபத்துநாலு வருசமாகக் கேட்பதையும் நிறுத்தவில்லை. சில சமயம் எனக்குத் தெரியாமல் நான் எடுத்த பொருளைக் கொண்டுபோய் அவரவர் வீட்டில் வைத்துவிட்டு வருவாள். அதற்கும் பேச்சு. "பயந்துபோய்த் திருப்பி வெச்சிட்டான் பாரு." அவளுக்கு விவரம் போதாது. நல்லவள், விவரம்தான் போதாது.

ஒரே ஒரு விசயம்தான் எனக்கு விளையாட்டாகப் படவில்லை. என் மகள் சித்திரைச்செல்வி எட்டாம் வகுப்புப் படிக்கும்போது வகுப்பில் யாருடைய காம்பஸ் பெட்டியோ காணாமல் போயிற்று. நாற்பது பிள்ளைகள் இருந்தன. ஒரு பையை மட்டும் கவிழ்த்துக் கொட்டினார்கள். பெட்டி அதில் இல்லை. கொட்டியதை அவளே பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் வந்து ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். அப்புறம் மூன்று மாசம் நான் எதையும் தொடவில்லை. அந்த மூன்று மாசத்திலும் இரண்டு தடவை என் பேர் வந்தது. அவள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். கல்யாணமும் அங்கேதான். வருசத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. "அங்க எங்கப்பா மூட்டை தூக்குறவருன்னு சொல்லுவேன், அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

அதனால்தான் தம்பி, எனக்குப் பணம் காசு மாலை மரியாதை ஒன்றும் வேண்டாம். ஒரு வார்த்தை வேண்டும். அந்த வயிரவன் வாயால், நாலு பேர் முன்னால், தெரு எடுத்தது என்று ஒரே ஒரு தடவை. முறைப்படி அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. வேறொன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு தடவை கும்பாபிசேகம் வருகிறதல்லவா. அப்போது நெடுமரத்தான்பட்டிக்காரர்களை அழைக்க வேண்டும், அவர்களும் வந்து பழையபடி அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அது ஒரு சம்பிரதாயம். முதல் தடவை வந்தபோது நான் புதுச்சட்டை தைத்துக்கொண்டு போய் நின்றேன். அந்தத் தடவை காக்கிச் சட்டை ஒன்றும் கிடையாது, நானே கூட்டத்தை மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டேன். ஆண்டியப்பன் கேட்டார். வயிரவன் கையில் மைக். சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாதாக்கும்? நம்ம சாத்தையாதான்!" என்றார். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு அது பயம், ஒத்துக்கொள்கிறேன். இது பயம் இல்லை. பழகிப் போய்விட்டது. அந்தச் சட்டையை நான் மறுபடி போடவில்லை.

பன்னிரண்டு வருசம் கழித்துப் போன வெள்ளிக்கிழமை மறுபடி கும்பாபிசேகம். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். என் இரண்டு பக்கமும் நாலு நாலு நாற்காலி காலி. ஆண்டியப்பன் வந்தார். இப்போது கையில் தடி, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் தாம்பாளத்தில் ஒரு மாலையும் பட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். மாம்பழ நிறப் பட்டு, பச்சைக் கரை. அப்படி ஒன்று இந்தத் தெருவில் ஒருத்தரிடமும் கிடையாது.

மைக்கை வாங்கினார் ஆண்டியப்பன். "எங்க பிள்ளையாரு போனப்ப ஊரே அழுதுச்சு. ஆனா அவரு போன மறு வருசம் எங்க ஊருக்கு ரோடு வந்துச்சு, ஆஸ்பத்திரி வந்துச்சு. வைராக்கியத்துல இதைவிடப் பெரிய கோயிலாக் கட்டி வேற பிள்ளையாரை வெச்சோம். அவரு இங்க வந்ததுனாலதான் எங்களுக்கு விடிஞ்சுச்சு. அதனால எடுத்த ஆளுக்கு மரியாதை பண்ணணும்னு ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணி வந்திருக்கோம். சொல்லுங்க. எங்க பிள்ளையாரை எடுத்தது யாரு?"

நான் எழுந்துவிட்டேன் தம்பி. என்னை அறியாமல் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். இருபத்துநாலு வருசம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பேரைச் சொல்கிற மனுசன் வயிரவன். அவரைத்தான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"தெரு எடுத்தது" என்றார்.

சொல்லிவிட்டுக் கழுத்தைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

பாருங்கள், நான் கேட்ட வார்த்தை அதுதான். ஒரு எழுத்துக் கூடக் குறைய இல்லை. மைக்கில், நாலு பேர் முன்னால், அவர் வாயால். வந்துவிட்டது. நான் எழுந்து நின்றவன் நின்றபடியே இருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தர், "உக்காருப்பா, மறைக்குது" என்றார்.

அப்புறம் பந்தி. பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயிரவன் பந்தல் முழுக்க ஒரு சுற்று வந்தார். வேர்த்ததும் கழற்றினார். கழற்றி எங்கே வைத்தார் தெரியுமா? முதல் பந்தியில் இடம் பிடிக்க நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு வர வேண்டிய பட்டு, இடம் பிடிக்கிற துண்டு! நான் மூன்று நாற்காலி தள்ளி நின்றேன். சாதாரண நாளாக இருந்தால் அத்தனை கண்ணும் என் மேல் இருக்கும். அன்றைக்குப் பார்த்துப் பாயசம் வந்துவிட்டது. எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள்.

எடுத்துவிட்டேன்.

பேர் வராமல் நான் எடுத்த முதல் பொருள் அது. எனக்கு அதில் பழக்கமே கிடையாது. யார் என் பக்கம் திரும்பினாலும் நானே வேறு பக்கம் பார்க்கிறேன். இந்தத் தொழிலை எப்படித்தான் சில பேர் முழு நேரமாகச் செய்கிறார்களோ. ஒன்றரை மணி நேரம் எனக்கு உயிரே இல்லை. பாயச அவசரத்தில் அப்படியே உட்கார்ந்து சாப்பிட்ட வயிரவன், இலை எடுத்த பிறகுதான் பட்டைத் தேடினார். நாற்காலிக்கு அடியில் தேடுகிறார், சமையல்கட்டில் தேடுகிறார். எனக்கோ, அட சொல்லித் தொலையேன்யா என்று இருக்கிறது. கடைசியாக மைக் கரகரத்தது. "எல்லாரும் சாத்தையா வீட்டுக்கு வாங்கப்பா." அப்பாடா! அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் போய் நிம்மதியாக இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன்.

வீட்டுக்குள் வயிரவனும் எட்டுப் பேரும் புகுந்து தேடினார்கள். அரிசிப் பானையில் கையை விட்டார்கள். தலையணையைப் பிதுக்கினார்கள். குக்கர் வெயிட் கிடைத்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று பொன்னழகு மதினி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த மாதிரிக் குக்கரே இப்போது அவளிடம் கிடையாது. பட்டு மட்டும் கிடைக்கவில்லை. வள்ளிக்கண்ணு தேடுகிறவர்களைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்று என்னையே பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்கும் தெரியாது.

மறுநாளே கமிட்டி கூடி இந்தக் கேமராவுக்கு முடிவு பண்ணிவிட்டார்கள். பட்டை வெளியே கொண்டுபோக வந்தால் பிடித்துவிடலாமாம். வயிரவன் வீட்டு டிவியிலேயே தெரியுமாமே, அப்படியா? அப்படியானால் இனிமேல் காலையில் பல் விளக்கிவிட்டுத்தான் வாசலுக்கு வர வேண்டும்.

என்ன செய்கிறீர்கள்? ஏன் அதைக் கழற்றுகிறீர்கள்? என்ன? என் கதையைக் கேட்டு மனசு கேட்கவில்லையா? கோயில் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன், கேட்டால் ஒயர் எட்டவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன் என்கிறீர்களா?

ஐயய்யோ! வேண்டாம் தம்பி! திருப்பாதீர்கள்! நீங்கள் நல்லவர், உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கும், கையை எடுங்கள். என் வாசலையே பார்க்கட்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகிவிடுங்கள், காற்றுக்குக்கூட அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

குனியுங்கள், காதோடு சொல்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது. அப்படியே மெதுவாகத் தலையைத் திருப்பிக் கோயிலுக்குள் பாருங்கள். பிள்ளையார் தெரிகிறாரா? வெள்ளைத் துண்டு கட்டியிருக்கிறார்களே, அதற்குக் கீழே தொப்பையைச் சுற்றிப் பாருங்கள். மாம்பழ நிறம். பச்சைக் கரை.

அன்றைக்கே கட்டியாயிற்று. என் வீட்டை எல்லோரும் குடைந்துகொண்டிருந்தபோது நடுவில் நழுவி வெளியே வந்தேன், தெருவில் ஆளே இல்லை. வேட்டிக்குள் இடுப்பில் சுற்றியிருந்த பட்டைத் தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் பூசாரிச் சோலைப் பண்டாரத்திடம் கொடுத்தேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்கா இருக்கே, யாரு உபயம்?" என்றார். தெரு உபயம் என்றேன்.

எடுத்தவனுக்குக் கொடுத்த பட்டு. எடுத்தவன் நான். நான் அதை யாருக்காக எடுத்தேனோ அவருக்குக் கட்டிவிட்டேன். இதில் திருட்டு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. தினமும் அறுபது வீட்டுச் சனமும் வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போகிறது. ஒருத்தர் கண்ணில் படவில்லை. ஏன் தெரியுமா? இந்தக் கோயிலுக்கு வருகிற யாரும் சாமியைப் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றும்போதே எதிர் வீட்டில் நான் இருக்கிறேனா என்று பார்க்கத் தொடங்குகிறவர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள். இந்தக் கேமரா ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குத் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது, கோயில் பக்கம் திருப்பினால் கோயிலைப் பார்த்துவிடும்.

உசு. வருகிறார். வயிரவன்தான். நீங்கள் வேலையைப் பாருங்கள்.

"வாங்கண்ணே! ஆச்சுண்ணே, கச்சிதமா வெச்சாச்சு. என் வாசல்ல எறும்பு போனாலும் தெரியுமாம். ஆமாண்ணே, நான்தான் ஏணி பிடிச்சேன். இருக்கட்டும்ணே, நம்ம தெரு வேலைதானே."

போய்விட்டார். இல்லை, கோயில் முன்னால் நிற்கிறார். பாருங்கள், கும்பிடுகிறார். சத்தமாகவே வேண்டுகிறார், எனக்குக் கேட்க வேண்டுமாம். "பிள்ளையாரப்பா, அந்தப் பட்டு எங்க இருக்குன்னு என் கண்ணுல காட்டுப்பா." கேட்டதா? கை இரண்டும் சாமிக்கு நேராகக் கூப்பியிருக்கிறது. தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பி என் கையைப் பார்க்கிறது. பார்க்கட்டும். என் இரண்டு கையும் ஏணியில்தான் இருக்கிறது.

சிரிக்காதீர்கள் தம்பி, ஏணி ஆடுகிறது.